பழைய சேலையைப் படிக்க மூன்று கருவிகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

அம்மம்மாவின் றங்குப்பெட்டியில் கிடக்கும் சேலையில் திகதி எழுதியிருக்காது. யார் நெய்தார், யார் தைத்தார், எத்தனை பேர் மாறி மாறி உடுத்தார்கள் என்பதற்குப் பற்றுச்சீட்டும் இருக்காது. ஆனால் அந்த விவரங்களில் பெரும் பங்கு துணியிலேயே இருக்கிறது, வெறுங்கண்ணுக்கு எட்டாத அளவில். திருகோணமலையில் பெண்களின் உடை வரலாற்றைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு உதவக்கூடிய மூன்று சிறு கருவிகளை இங்கே மதிப்பிடுகிறோம்: மடக்கி வைக்கும் நூலெண்ணிக் கண்ணாடி, கைத்தொலைபேசியில் கொளுவும் 60 மடங்கு உருப்பெருக்கி, புறஊதா ரோச். ஒரு நல்ல பட்டுச்சேலையின் விலைக்குள் மூன்றும் அடங்கிவிடும். மூன்றையும் இணையக் கடைகளில் எடுப்பிக்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நூலெண்ணிக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். புறஊதா ரோச் சரியான வகை கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்; பிழையான வகை உங்களைப் பிழையான முடிவுக்குக் கொண்டுபோகும். கொளுவும் உருப்பெருக்கி கடைசி இடம்தான், ஆனால் சரிகையை ஆராய அதை விட்டால் வேறு மலிவான வழி இல்லை. 1000 மடங்கு, 1600 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் கணினியில் செருகும் உருப்பெருக்கிகளை விட்டுவிடுங்கள். அந்த எண்கள் திரையில் படத்தை இழுத்துப் பெரிதாக்கிச் சொல்லும் எண்கள். இழை அதனால் தெளிவாகாது.

நூலெண்ணிக் கண்ணாடி அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்குப் பழகிய சாமான். மூன்று மடிப்பாக விரியும் உலோகச் சட்டம், மேலே வில்லை, கீழே சரியாக 1 அங்குலச் சதுரத் துளை, துளையின் ஓரத்தில் அளவுக் கோடுகள். கையில் வந்தவுடன் துளையை உருக்கு அடிமட்டத்தோடு வைத்துப் பாருங்கள். 25.4 மி.மீ. இருக்க வேண்டும். மலிவானவற்றில் அரை மி.மீ. வரை பிசகு இருக்கலாம். இருந்தால் அதைக் கொப்பியில் எழுதிவைத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். வில்லையின் ஓரத்தில் கோடுகள் வளைந்து தெரிந்தால் நடுப்பகுதியில் மட்டும் எண்ணுங்கள்.

எண்ணும் முறை இது. சேலையை ஒற்றை மடிப்பாக, இழுக்காமல், மேசையில் விரித்த துணியின் மேல் பரப்புங்கள். கறுத்த சேலை என்றால் கீழே வெள்ளை, வெளிறிய சேலை என்றால் கீழே கறுப்பு. துளையின் ஒரு பக்கத்தை ஒரு பாவு நூலோடு (சேலையின் நீளவாட்டில் ஓடும் நூல்) நேராக ஒட்டவைத்து, மொட்டை ஊசியின் நுனியால் நூல் நூலாக நகர்ந்து அரை அங்குலம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு குறுக்கே ஓடும் ஊடை. கரைக்குப் பக்கத்தில், நடுவில், தலைப்பில் என்று குறைந்தது மூன்று இடத்தில் எண்ண வேண்டும். கரையை எண்ணிவிட்டு அதையே சேலையின் எண்ணிக்கையாக எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் விடும் பிழை. கரையில் பாவு பெரும்பாலும் நெருக்கமாகவே இருக்கும். இன்னொரு பிழை கடற்கரை ஊருக்கே உரியது. துணியில் ஒட்டியிருக்கும் பொடி மணலை மெல்லிய தூரிகையால் தட்டாமல் கண்ணாடியை வைத்து அழுத்தினால், சட்டத்தின் அடியில் அகப்பட்ட மணல் பட்டிழையை அறுத்துவிடும்.

எண்ணிக்கை எதற்கு? மூன்று இடத்திலும் ஊடை ஒரே எண்ணிக்கையாக வந்தால் இயந்திரத்தறி என்று சந்தேகிக்கலாம். 58, 63, 60 என்று ஏறி இறங்கினால் கையால் அடித்த ஊடை. கரையோரத்தில் ஒழுங்கான இடைவெளியில் குண்டூசித் துளைகள் தெரிந்தால், தறியில் துணியின் அகலத்தைப் பிடித்து வைக்கும் ஊசித்தடியின் தடம் அது; அதுவும் கைத்தறிப் பக்கமே சாய்கிறது. கரையில் ஊடை திரும்பி உள்ளே போகாமல் குஞ்சம்போல் வெட்டுப்பட்டு நின்றால், அது ஊடை நூலைக் கொண்டுபோகும் ஓடம் இல்லாத இயந்திரத்தறி. அந்த வகைத் தறிகள் 1950களில்தான் சந்தைக்கு வந்தன. கைத்தறி என்றவுடன் கையால் நூற்ற நூல் என்று எழுதிவிடக் கூடாது. மருதமுனைத் தறிகள் உட்பட இன்றைய கைத்தறிகள் ஆலை நூலில்தான் ஓடுகின்றன. கையால் நூற்ற நூல் ஒரே இழையிலேயே தடித்தும் மெலிந்தும் போகும். ஆலை நூல் அப்படிப் போகாது.

கூறைச்சேலை என்று சொல்லித் தருவதையெல்லாம் முழுப்பட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டின் மயிலாடுதுறையிலுள்ள கூறைநாட்டில் நெய்த சேலைகள் பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்டவை. கண்ணாடியில் மினுங்கும் நூலும் மங்கல் நூலும் பட்டை பட்டையாக மாறி வருவதைப் பார்க்கலாம். காஞ்சிபுரப் பட்டில் கரையும் உடலும் சேரும் இடத்தை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். கோர்வை போட்டு நெய்திருந்தால் இரண்டு நிற ஊடைகளும் ஒன்றையொன்று கொளுவித் திரும்பியிருக்கும். உடல் நிறத்து ஊடையே கரைக்குள் நேராகப் போனால் அது கோர்வை இல்லை. இந்த ஒரு பார்வைக்காகவே கண்ணாடி வாங்கிய காசு செரிக்கும்.

இதே கண்ணாடியால் தையலையும் எண்ணலாம். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல், இடைவெளி சீரா, மேலும் கீழும் ஒரே தோற்றமா? இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் பூட்டுத்தையல்; பின்பக்கம் சங்கிலிபோல் வளையம் வளையமாக இருந்தால் சங்கிலித்தையல். தையல் இயந்திரம் வீட்டிலேயே இருந்தால் அதன் தொடர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கர் இயந்திரங்களின் தொடர் எண்ணை வைத்து அது செய்யப்பட்ட ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். அந்த இயந்திரத்தில் தைத்த சட்டை எதுவும் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

இந்த மூன்று கருவிகளும் தரும் ஆண்டுக் கணக்கு எல்லாமே இந்த வகைதான்: ‘இதற்கு முன் இல்லை.’ அதற்குப் பிறகு எப்போது என்று கருவி சொல்லாது. விஸ்கோஸ் செயற்கைப் பட்டு 1905இல்தான் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. நைலோன் 1938இல் அறிவிக்கப்பட்டது. பொலியெஸ்ரர் இழை 1941இல் கண்டுபிடிக்கப்பட்டு 1950களில் கடைக்கு வந்தது. ஒரு வீட்டில் ‘கொள்ளுப்பாட்டியின் 1920ஆம் ஆண்டுக் கலியாணச் சேலை’ என்று தந்ததன் உடலில் பொலியெஸ்ரர் இருந்தால், கதை பொய் என்று எழுத அவசரப்பட வேண்டாம். பழைய சேலை கிழிந்தபோது அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி, பெயரை அதற்கு மாற்றி வைத்திருப்பார்கள். அதுவும் வரலாறுதான்.

அடுத்து கைத்தொலைபேசியில் கொளுவும் உருப்பெருக்கி. 60 மடங்கு என்று போட்டிருந்தாலும் அந்த எண்ணை நம்ப வேண்டாம். அடிமட்டத்தின் 1 மி.மீ. இடைவெளியை ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொண்டால் அதன்பின் எடுக்கும் எல்லாப் படத்துக்கும் அளவு கிடைத்துவிடும். தொலைபேசியின் பெருப்பிக்கும் வசதியைத் தொடாமல் இருக்க வேண்டும். தொட்டால் அந்த அளவு செல்லாது. கையில் பிடித்து எடுத்தால் படம் ஆடும். ஒரே தடிப்பான இரண்டு கொப்பிகளின் மேல் தொலைபேசியைப் பாலம்போல் வைத்து, துணியைக் கீழே நகர்த்துங்கள். அதிலுள்ள வெள்ளை விளக்கு சரிகையில் பட்டுக் கண்ணைப் பறிக்கும். விளக்கை அணைத்துவிட்டு, யன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிடுங்கள்.

சரிகைதான் இதன் சிறந்த வேலை. நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. சுற்றுகளின் இடைவெளியில் உள்நூலின் மஞ்சள் அல்லது சிவப்பு தெரியும். தேய்ந்த இடத்தில் வெண்மை தெரிந்தால் வெள்ளி. செம்மை தெரிந்தால் செம்பு. சுற்றே இல்லாமல் பளபளக்கும் தகடு செதில் செதிலாக உரிந்தால் பிளாஸ்ரிக் சரிகை. உப்புக் காற்று இரண்டையும் இரண்டு விதமாகத் தின்னும். வெள்ளி கறுக்கும், செம்பு பச்சை பூக்கும். தேசிக்காயோ புளியோ பற்பொடியோ போட்டு மினுக்க வேண்டாம். முலாம் அந்தத் தேய்ப்பிலேயே போய்விடும், அதோடு சாட்சியும் போய்விடும். சில சேலைகளில் தலைப்பு மட்டும் வெட்டப்பட்டு, உடல் மட்டும் மிஞ்சியிருக்கும். வெள்ளிக்காகச் சரிகையை விற்ற காலம் ஒன்று அந்த வீட்டில் இருந்ததா என்று கேட்க வேண்டிய இடம் அது. மெதுவாகக் கேட்க வேண்டும்.

ஓட்டைகளுக்கும் இந்த உருப்பெருக்கி நல்லது. தேய்ந்து கிழிந்த இடத்தில் நூல் நுனி தூரிகைபோல் பிரிந்திருக்கும். பூச்சி கடித்த இடத்தில் நுனி வெட்டியதுபோல் நிற்கும். கஞ்சி போட்ட பருத்தியை இராமபாணப் பூச்சி மேலாகச் சுரண்டித் தின்னும், ஓட்டைக்கு முன்பே துணி மெலிந்துபோகும். பட்டையும் கம்பளியையும் அந்துப்புழு தின்னும். ஓட்டை ஒரு பூவின் கறுப்புக் கோட்டை அப்படியே பின்பற்றிப் போனால் அது பூச்சியே இல்லை. இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்புச் சாயம் தான் பிடித்த நூலையே காலப்போக்கில் அரித்துவிட்டது. மடிப்பு நெடுகக் கோடாக வெடித்திருந்தால் பல வருடம் ஒரே மடிப்பில் வைத்ததன் விளைவு. அதைத் திரும்ப அதே மடிப்பில் மடிக்கக் கூடாது. பருத்தித் துணி சுற்றிய உருளையில் சுருட்டுங்கள்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்த வீடுகளில் மிஞ்சிய துணிகளுக்கு இது இன்னொரு உதவி செய்கிறது. வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா, பூஞ்சணமா என்று சொல்லும். உப்பு சதுரம் சதுரமான மணி, ஈரப் பஞ்சு பட்டதும் கரையும். பூஞ்சணம் சிலந்தி வலைபோல் நூல் நூலாக ஓடும். உப்புத் துணி வாடைக்காற்றுக் காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நனைந்து, பிறகு காய்ந்து, மறுபடி நனைந்து இழையை உடைக்கும். பூஞ்சணத் துணியை மூக்கருகே கொண்டுபோகாமல் முகமூடியோடு எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து வெயிலில் உதறிவிடுவது இரண்டுக்கும் கேடு.

உடுத்தவரின் வாழ்க்கை அதிகம் தெரிவது சேலையை விடச் சட்டையில்தான். இடுப்புத் தையலுக்கும் பக்கத் தையலுக்கும் பக்கத்தில், இப்போதைய தையலுக்குச் சமாந்தரமாக வெறும் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கிறதா பாருங்கள். அங்கே முன்பு தைத்திருந்து, பிறகு பிரித்து விரித்திருக்கிறார்கள். துளை வரிசை இரண்டு இருந்தால் இரண்டு தடவை. உள்மடிப்பில் ஒளிந்திருந்த துணியின் நிறம் அடர்த்தியாகவும் வெளியே வந்த பகுதி வெளிறியும் இருந்தால், எவ்வளவு காலம் உடுத்த பிறகு விரித்தார்கள் என்று ஊகிக்கலாம். முதல் பிள்ளைக்கு முன்னா, பின்னா என்று அவரிடமோ மகளிடமோ கேட்டால், பல நேரம் ஆண்டே கிடைத்துவிடும். நூல் சேலையின் இரண்டு முனையிலும் கசங்கி இறுகிய வளையமும், நடுவில் குழிந்து விரிந்த நெசவும் இருந்தால் அது ஏணையாகக் கட்டியது. சேலையின் மூலையில் புள்ளியும் கோடுமாக மங்கிய கறுப்புக் குறி இருந்தால் அது சலவைக்குறி. தோய்த்தாலும் போகாத சேங்கொட்டைச் சாற்றால் போடுவது. யாருடைய வீட்டுத் துணி என்று அறியத் தோய்ப்பவர் இட்ட அடையாளம் அது. சடங்குக்கும் செத்த வீட்டுக்கும் மாற்றுத் துணி கொண்டுவந்து தந்த பெண்கள் கையெழுத்தாக எதையும் விட்டுப்போகவில்லை. இந்தப் புள்ளி அவர்கள் பக்கத்திலிருந்து வரும் ஒரே எழுத்தாகவும் இருக்கலாம். அதைக் கறை என்று நினைத்து அகற்றிவிடாதீர்கள்.

மூன்றாவது, புறஊதா ரோச். 365 நானோமீற்றர், 395 நானோமீற்றர் என்று இரண்டு வகை விற்பனையில் உண்டு. மலிவாகக் கிடைப்பது 395. அது கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்து அடிக்கும். அந்த ஊதா வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்புவதைப் பார்த்து ‘ஒளிர்கிறது’ என்று எழுதிவிடுவார்கள். 365 வேண்டும், வாயில் கறுத்த வடிகண்ணாடி பூட்டியதாகவும் வேண்டும். வந்ததும் இருட்டு அறையில் ஒரு ஃபோட்டோக்கொப்பித் தாளையும் ஒரு புது நாணயத்தாளையும் பக்கத்தில் வைத்து அடித்துப் பாருங்கள். ஃபோட்டோக்கொப்பித் தாள் நீலமாக எரிய (ஒளிர) வேண்டும், நாணயத்தாளின் தாள் இருண்டு கிடக்க வேண்டும். இரண்டும் ஊதாவாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இது சொல்வதை விளங்கிக்கொள்ள ஒரு விசயம் தெரிய வேண்டும். சலவைத் தூளில் துணியை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்ச்சாயம் கலக்கத் தொடங்கியது 1940களில். ஆகவே பழைய வெள்ளைச் சேலை நீலமாக எரிந்தால் அது புதிய சேலை என்று அர்த்தமில்லை. புதிய தூளில் ஒரு தடவையாவது தோய்த்திருக்கிறார்கள், அவ்வளவே. ஒரு துளியும் எரியாவிட்டால்தான் செய்தி: அது தோய்க்காமல் கிடந்தது, அல்லது சவர்க்காரக் கட்டியும் நீலமும் போட்டுத் தோய்த்த காலத்தோடு நின்றுபோனது. நீலம் போட்ட துணி புறஊதாவில் எரியாது. அதை உருப்பெருக்கியில் பாருங்கள், இழைகளுக்கிடையில் நீலப் பொடி ஒட்டியிருக்கும். துணி இருண்டு கிடக்க, தையல் நூல் மட்டும் வெள்ளையாக எரிகிறதா? பின்னால் ஒளிர்ச்சாயம் ஏறிய நூலால் திருத்தித் தைத்திருக்கிறார்கள். இந்த ரோச்சின் மிகப் பயனுள்ள பதில் இதுதான்.

சாயத்தின் பெயரை ரோச் சொல்லாது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணப் பக்கத்திலும் தோண்டிய சாயவேரின் சிவப்பா, 1869க்குப் பிறகு ஆலையில் செய்த சிவப்பா என்பதை ஆய்வுகூடத்தில்தான் பிரிக்கலாம். ‘சிவப்பு இருண்டது, ஆகவே இயற்கைச் சாயம்’ என்று எழுதினால் அது பிழை.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ரோச் உடம்பின் கறைகளையும் காட்டும். வியர்வை, பால், மாதத் தீட்டு, சட்டையின் முதுகில் பின்னல் நெடுக இறங்கிய எண்ணெய், முட்டாக்குப் போட்ட இடத்தின் எண்ணெய் எல்லாம் விளக்கு அணைத்த அறையில் வரிவரியாகத் தெரியும். ஆராய்ச்சிக்கு இவை பெறுமதியானவை, ஆனால் ஒரு பெண்ணின் உடம்பை வீட்டார் முன்னால் விரித்துக் காட்டும் உரிமை எவருக்கும் இல்லை. அடிக்கும் முன் என்ன தெரியக்கூடும் என்று உரியவருக்குச் சொல்லுங்கள். அவர் மட்டும் இருக்கும்போது அடியுங்கள். வேண்டாம் என்றால் அதோடு நிறுத்துங்கள். படம் எடுக்க வேறாக அனுமதி கேளுங்கள். ஒரு இடத்தில் சில வினாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். புறஊதா சாயத்தை வெளிறச் செய்யும், கண்ணுக்கும் கூடாது.

எரித்துப் பார்க்கும் பரிசோதனையைப் பலர் கேட்கிறார்கள். அது கருவி இல்லாத வழி, சரியாகச் செய்தால் நல்ல வழிதான். உள்மடிப்பிலிருந்து உதிர்ந்த 1 செ.மீ. நூல் போதும், சேலையிலிருந்து வெட்டக் கூடாது. இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கொளுத்துங்கள். பருத்தியும் விஸ்கோஸும் கடதாசி மணத்தோடு எரிந்து மென்சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் மணத்தோடு எரிந்து, நசித்தால் பொடியாகும் கருமணி விடும். நைலோனும் பொலியெஸ்ரரும் உருகி, நசியாத கடின மணி விடும். பாவையும் ஊடையையும் தனித்தனியாகச் சோதிக்க மறந்தால் கலப்புத் துணி தப்பிவிடும். விஸ்கோஸ் என்று தெரிந்த பழைய சேலையைத் தண்ணீரில் போடவே கூடாது. நனைந்தால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறையும், தூக்கும்போதே தன் பாரத்தில் கிழியும்.

பெட்டி திறக்கும் காலத்தையும் யோசிக்க வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஈரம், துணி வெளியே கிடக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பூஞ்சணத்துக்கு விருந்து. கச்சான் வீசும் மாதங்களின் நடுப்பகலில் பட்டு மொரமொரத்துப் போகும், மடிப்பைத் தொட்டாலே உடையும். அந்த மாதங்களின் விடியற்காலை நல்ல நேரம். ஈரக் காலத்தில் மூன்று கருவிகளையும் ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். உருப்பெருக்கியின் பொத்தான் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கடற்காற்றில் அதன் தொடுமுனை பச்சை பூத்து முதலில் பழுதாவது அதுதான்.

துணியில் பேனையால் எண் எழுதவோ குண்டூசி குத்தவோ வேண்டாம். குண்டூசி துருவேறிப் பழுப்பு வளையம் போடும். வெள்ளைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எண் எழுதி, தளர்வாகக் கட்டுங்கள். கொப்பியில் ஒரு சேலைக்கு ஒரு பக்கம். மேல் பாதியில் உடையவர் சொன்னது, அவர் சொன்ன சொல்லிலேயே: கூறை, வொயில், நைலெக்ஸ், மணிப்புரி, குறுக்குக்கட்டுக்கு எடுத்தது, ஏணைச்சேலை. கீழ்ப் பாதியில் கண்ணாடி காட்டியது: நீளம் எத்தனை யார் (கஜம்), அகலம், பாவு, ஊடை, சரிகை, தையல், ஒளிர்வு, பார்த்த திகதி. அவர் பட்டு என்று சொன்னதைக் கருவி விஸ்கோஸ் என்று காட்டினால் மேல் பாதியைத் திருத்தாமல் இரண்டையும் அப்படியே விடுங்கள். விலை, கடை, ஆண்டு போன்றவற்றை அவர் சொன்னால், இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத் தளத்திலுள்ள பழைய பத்திரிகைகளின் துணிக்கடை விளம்பரங்களோடு ஒத்துப் பார்க்கலாம்.

காசு குறைவாக இருந்தால் முதலில் நூலெண்ணிக் கண்ணாடியை மட்டும் வாங்கி, உங்கள் வீட்டிலுள்ள பத்துச் சேலையை எண்ணிப் பழகுங்கள். கை பழகாமல் மற்றவர் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.